வராத தடைக்கு வந்த விலை

2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளிலிருந்து காணாமல் போன பொருள்களில் மிகவும் வியப்புக்குரியது .22 லாங் ரைஃபிள் என்னும், பென்சிலைக் காட்டிலும் மெல்லிய தோட்டா. பிள்ளைகள் தகர டப்பாக்களை நிறுத்திவைத்துக் குறிபார்க்கப் பழகுவதும், கிராமத்தார் அணிலையும் முயலையும் வேட்டையாடுவதும் இதைக் கொண்டுதான். 500 தோட்டாக்கள் அடங்கிய பெட்டி செங்கல் அளவில் இருப்பதால் அதற்குப் பேச்சு வழக்கில் ‘பிரிக்’ என்றே பெயர். ஏறத்தாழ 20 டாலருக்குக் கிடைத்துவந்த அந்தப் பெட்டி 50 டாலரைத் தாண்டியது. தாண்டிய விலைக்கும் கிடைக்கவில்லை. வால்மார்ட் நிறுவனம் ஒரு வாடிக்கையாளருக்கு நாளொன்றுக்கு மூன்று பெட்டித் தோட்டாக்கள் மட்டுமே என்று வரம்பு விதித்தது. சரக்கு லாரி எந்த நாளில், எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்றவர்கள் கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்கத் தொடங்கினார்கள். இந்தத் தட்டுப்பாடு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இத்தனைக்கும் .22 தோட்டாவைத் தடை செய்ய வேண்டும் என்று அப்போது எவரும் சட்ட முன்வரைவு கொண்டு வரவில்லை.

தடை செய்யப்படலாம் என்ற பேச்சு அடிபட்டது வேறொரு பொருளைப் பற்றி. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனில் உள்ள சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். (அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலின் முதன்மையான வணிகச் சங்கம் அப்போது அதே நியூடவுனில்தான் தன் தலைமை அலுவலகத்தை வைத்திருந்தது.) அதிபர் ஒபாமா 2013 ஜனவரி 16 அன்று தம் திட்டங்களை அறிவித்தார். ஜனவரி 24 அன்று செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன், ஏஆர்-15 போன்ற அரைத் தானியங்கி ரைஃபிள்களையும் (விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா சுடுபவை), பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசின்களையும் (துப்பாக்கியில் பொருத்தும் தோட்டாப் பெட்டிகள்) தடை செய்யும் முன்வரைவைக் கொண்டுவந்தார். ஏப்ரல் 17 அன்று செனட்டில் அது 40க்கு 60 என்ற வாக்குகளில் தோற்றது. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பதை விரிவாக்கும் இன்னொரு திருத்தத்துக்கு 54 வாக்குகள் கிடைத்தும், தேவைப்பட்ட 60-ஐ அது எட்டவில்லை. ஆக, பேச்சு தொடங்கியதற்கும் பேச்சு தோற்றதற்கும் நடுவே இருந்தது நான்கே மாதங்கள். கூட்டாட்சி அளவில் ஒரு துப்பாக்கிகூடத் தடை செய்யப்படாத அந்த நான்கு மாதங்கள்தான் அதுவரையிலான அமெரிக்க வரலாற்றிலேயே துப்பாக்கி மிக அதிகமாக விற்ற காலங்களில் ஒன்று.

இதை அளக்கப் பொதுவாகப் பயன்படும் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற வியாபாரியிடம் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை எஃப்பிஐ நடத்தும் ‘நிக்ஸ்’ என்ற தேசிய அமைப்பின் வழியே சரிபார்க்கும் முறை 1998 நவம்பர் 30 முதல் நடப்பில் இருக்கிறது. எத்தனை சரிபார்ப்புகள் நடந்தன என்ற எண்ணிக்கை மாதந்தோறும் வெளியாகிறது. அது விற்பனை எண்ணிக்கை அல்ல. ஒரே சரிபார்ப்பில் ஒருவர் இரண்டு மூன்று துப்பாக்கிகள் வாங்கலாம்; சில மாநிலங்களில் உரிம அட்டை வைத்திருப்போரை மறுபடி மறுபடி சரிபார்ப்பதும் இந்தக் கணக்கில் சேர்கிறது; பல மாநிலங்களில் தனியாருக்குள் நடக்கும் கைமாற்றம் சேர்வதே இல்லை. ஆனாலும் காய்ச்சல் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும் வெப்பமானியாக அது போதும். 2012 டிசம்பரில் 27.8 லட்சம், 2013 ஜனவரியில் 24.9 லட்சம் என்று அது காட்டியது. அந்த அமைப்பு தோன்றிய பிறகு அதுவரை எந்த மாதத்திலும் இவ்வளவு பதிவானதில்லை. உற்பத்தியும் பின்தொடர்ந்து ஓடியது: அமெரிக்கத் தொழிற்சாலைகள் 2011-இல் சுமார் 65 லட்சம், 2012-இல் சுமார் 86 லட்சம், 2013-இல் 1 கோடியே 8 லட்சம் துப்பாக்கிகள் செய்தன. வெல்லெஸ்லி கல்லூரியின் பொருளியல் அறிஞர்கள் ஃபிலிப் லெவைனும் ராபின் மெக்நைட்டும், சாண்டி ஹூக் நிகழ்வுக்குப் பிந்தைய மாதங்களில் வழக்கத்துக்கு மேலாக ஏறத்தாழ 30 லட்சம் துப்பாக்கிகள் விற்றன என்று மதிப்பிட்டார்கள். அவற்றைக் கையாள்வதில் நேர்ந்த விபத்துகளால் ஏறத்தாழ 60 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்பதும், அவர்களில் சுமார் 20 பேர் குழந்தைகள் என்பதும் அதே ஆய்வின் முடிவு.

தடை வருவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லாத நிலையிலும் மக்கள் ஏன் இப்படிப் பாய்கிறார்கள்? ‘துப்பாக்கிப் பித்து’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் வாங்குபவரின் கணக்கை அவருடைய இடத்தில் நின்று போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு மூடத்தனமானது அல்ல. துப்பாக்கி கெட்டுப்போகும் பண்டமல்ல. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் பேரன் காலத்திலும் சுடும். அமெரிக்காவில் வரும் தடைச் சட்டங்களில் பெரும்பாலானவை ‘இந்தத் தேதிக்கு முன் சட்டப்படி வைத்திருந்தவர்கள் வைத்துக்கொள்ளலாம்’ என்ற விலக்கோடுதான் வருகின்றன. வீடு வீடாகப் போய்ப் பறிமுதல் செய்வதும் அதற்கு இழப்பீடு தருவதும் அங்கே அரசியலிலும் நீதிமன்றத்திலும் எளிதில் செல்லுபடியாகாதவை. ஆகவே அந்தத் தேதிக்கு முந்தைய நாள் வாங்கியவர் என்றென்றைக்கும் உரிமையாளர். மறுநாள் வாங்க வந்தவர் என்றென்றைக்கும் வெளியாள். 1,000 டாலர் கொடுத்து இன்று வாங்கி வைத்தால், தடை வராமல் போனாலும் நூறு இருநூறு நட்டத்தோடு விற்றுவிடலாம். தடை வந்துவிட்டால் கையில் இருப்பது இனி கிடைக்காத பொருள். இழப்பு சிறிது, ஆதாயம் பெரிது என்னும்போது, நடக்கும் என்ற நம்பிக்கை கொஞ்சமாக இருந்தாலும் வாங்குவதற்கு அது போதுமான காரணமாகிறது. காப்பீட்டுப் பத்திரம் வாங்குபவரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்.

வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும். அடுத்த ஆண்டோ அதற்கு அடுத்த ஆண்டோ எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவர் ஒருவர். அவர் தம் தேவையை முன்னே இழுத்துக்கொள்கிறார். இல்லாவிட்டால் வாங்கியே இருக்கமாட்டார் என்னும்படியான புதியவர் இன்னொருவர். தனக்கென்று எதுவும் வேண்டாத, ஐந்து வாங்கி இணைய ஏலத்தில் இரட்டிப்பு விலைக்கு விற்க வந்தவர் மூன்றாமவர். நான்காமவருக்குத் தடையைப் பற்றிக் கவலையே இல்லை. மற்றவர்கள் வாங்கிவிட்டால் தனக்குக் கிடைக்காமல் போகுமே என்பதுதான் அவர் அச்சம். .22 தோட்டாவின் கதையை விளக்குபவர் இந்த நான்காமவர்தான் என்பது என் கருத்து. மாதம் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டிருந்தவர் அலமாரி காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டால், மூன்றாம் முறை கண்ணில் பட்டதும் பத்துப் பெட்டி வாங்குகிறார். அதனால் அலமாரி மேலும் காலியாகிறது. தட்டுப்பாடு பதுக்கலையும், பதுக்கல் தட்டுப்பாட்டையும் பெற்றெடுக்கும் இந்தச் சுழல் ஒருமுறை சுற்றத் தொடங்கிவிட்டால், அதைத் தொடங்கி வைத்த முன்வரைவு தோற்றுப்போன செய்திகூட அதை நிறுத்துவதில்லை.

இதற்கு வதந்தியும் எண்ணெய் ஊற்றியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 160 கோடித் தோட்டாக்களை வாங்கிக் குவித்து, குடிமக்களுக்குக் கிடைக்காமல் செய்கிறது என்ற பேச்சு நாடெங்கும் பரவி, நாடாளுமன்ற உறுப்பினர்களே விளக்கம் கேட்கும் அளவுக்குப் போனது. அது பல ஆண்டுகளுக்கான ஒப்பந்தங்களில் குறிக்கப்பட்ட உச்ச வரம்பே தவிர, வாங்கிய அளவு அல்ல. 2014 ஜனவரியில் அரசின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அந்தத் துறையின் தோட்டாக் கொள்முதல் 2009-ஆம் நிதியாண்டிலிருந்து குறைந்தே வந்திருக்கிறது என்று காட்டியது. அறிக்கை வரும்போது அலமாரிகள் ஓராண்டுக்கு மேலாகக் காலியாகக் கிடந்தன.

கிராக்கி இவ்வளவு இருக்கும்போது தொழிற்சாலைகள் ஏன் இரண்டு மடங்கு செய்து தள்ளவில்லை என்ற கேள்வி எழுவது இயல்பு. துப்பாக்கியைப் பொறுத்தவரை ஓரளவு தள்ளின. ஆனால் அங்கும் எல்லை இருந்தது. ஸ்டர்ம் ரூகர் நிறுவனம் 2012-இன் முதல் காலாண்டிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்கு ஆணை பெற்று, இனிப் புதிய ஆணைகளைச் சில காலம் ஏற்பதில்லை என்று மார்ச் மாதத்தில் அறிவிக்க நேர்ந்தது. தோட்டாவின் நிலை இன்னும் இறுக்கமானது. .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அதன் அடிவிளிம்புக்குள்ளேயே செலுத்தப்படுகிறது. அதைச் செய்யும் இயந்திர வரிசைகளில் வேறு வகைத் தோட்டாக்களைச் செய்ய முடியாது, வேறு வரிசைகளில் இதையும் செய்ய முடியாது. மற்ற தோட்டாக்களுக்கு அடியில் பொருத்தப்படும் ‘பிரைமர்’ என்னும் சிறு தீப்பொறிக் கிண்ணத்தை அமெரிக்காவில் பேரளவில் செய்யும் நிறுவனங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. வெடிமருந்தோடு புழங்கும் புதிய ஆலையைக் கட்டி, உரிமம் பெற்று, ஆட்களைப் பழக்கி ஓட்டுவதற்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் காய்ச்சல் இறங்கிவிடும் என்பது முதலாளிகளுக்கு அனுபவத்தில் தெரியும். ஆகவே அவர்கள் இரவுப் பணிமுறை சேர்த்தார்கள், கூடுதல் நேரம் ஓட்டினார்கள். புதிய கட்டடம் எழுப்பத் தயங்கினார்கள்.

கிராக்கியின் உண்மையான அளவு அவர்களுக்குத் தெரியாமலிருந்ததும் ஒரு காரணம். துப்பாக்கி ஆலையிலிருந்து மொத்த வியாபாரிக்கும், அவரிடமிருந்து சில்லறைக் கடைக்கும், அங்கிருந்து வாங்குபவருக்கும் போகிறது. தட்டுப்பாடு வரும்போது சில்லறைக் கடைக்காரர் பத்து வேண்டுமென்றால் மூன்று மொத்த வியாபாரிகளிடமும் பத்துப் பத்தாகக் கேட்டு வைக்கிறார். எவரிடமிருந்து முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடலாம் என்பது அவர் எண்ணம். ஆலைக்குப் போய்ச் சேரும் ஆணைப் புத்தகத்தில் அது முப்பதாகத் தெரிகிறது. வாசலில் சிறு அலையாகத் தொடங்குவது ஆலையில் பேரலையாக வந்து மோதுகிறது. வடியும்போதும் அதே வேகத்தில் வடிகிறது.

விலையை உயர்த்துவது யார் என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பெரும்பாலான உற்பத்தியாளர்கள் தங்கள் பட்டியல் விலையை உடனே ஏற்றுவதில்லை. நாளைக்கும் இதே வியாபாரியோடு தொழில் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவர்களைத் தடுக்கிறது. பெரிய கடைகளும் விலையை ஏற்றுவதைவிட ஆளுக்கு இத்தனை என்று பங்கிட்டுக் கொடுப்பதையே விரும்பின. 2013-இல் விலையைச் சட்டென்று ஏற்றிய கடைகள் மேல் வாடிக்கையாளர்கள் கொண்ட கோபம் நெடுநாள் ஆறவில்லை. இப்படி எல்லோரும் பழைய விலையையே பிடித்துக்கொண்டிருக்கும்போது, விலையேற்றத்தின் பலன் வரிசையில் முதலில் நின்றவருக்குப் போகிறது. காலையில் வேலைக்குப் போக வேண்டியவர் நிற்க முடியாது. நேரம் உள்ளவர் நின்று வாங்கி, மாலையில் ஏலத் தளத்தில் ஏற்றிவிடுகிறார். கடையில் 15 டாலர் அளவில் இருந்த ஏஆர்-15 மேகசின் அந்த மாதங்களில் 40, 60 டாலருக்குக் கைமாறியது இந்த வழியில்தான்.

இப்போது, அச்சம் உண்மையானபோது என்ன நடந்தது என்று பார்க்க 1994-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 13 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட குற்றத் தடுப்புச் சட்டம், சில அரைத் தானியங்கித் துப்பாக்கிகளையும் பத்துக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களையும் பத்தாண்டுக் காலத்துக்குத் தடை செய்தது. தடைக்கு முன் செய்தவற்றை வைத்திருக்கவும் விற்கவும் தடையில்லை. இதை ஆராய்ந்த ஜெஃப்ரி ராத், கிறிஸ்டஃபர் கோப்பர் ஆகியோரின் அறிக்கையை அமெரிக்க நீதித் துறையின் ஆய்வு நிறுவனம் 1999-இல் வெளியிட்டது. முன்வரைவு விவாதத்தில் இருந்த 1993, 94-இல், அந்த வகைத் துப்பாக்கிகள், மேகசின்களின் விலை 50 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. நாளை அரும்பொருள் ஆகிவிடும் என்று வியாபாரிகளும் சேகரிப்பாளர்களும் ஊகித்து வாங்கினார்கள். ஆனால் அதே காலத்தில் ஆலைகளும் சும்மா இருக்கவில்லை. வழக்கமாக ஓராண்டில் செய்வதைவிட அதிகமான கூடுதல் சரக்கை 1994-இல் மட்டும் செய்து தள்ளிவிட்டன. சட்டம் நடைமுறைக்கு வந்ததும் துப்பாக்கிகளின் விலை விழுந்தது. ஏறத்தாழப் பழைய நிலைக்கே திரும்பி, 1996-இன் நடுப்பகுதி வரையிலாவது அங்கேயே நின்றது. தடையை எண்ணி வாங்கிக் குவித்தவர்கள், தடை வந்த பிறகு நட்டப்பட்டார்கள்.

இதற்குக் காரணம் அச்சத்தில் செய்து குவித்த சரக்கு மட்டுமல்ல. சட்டம் தடுத்த கதவுக்குப் பக்கத்திலேயே வேறொரு கதவு திறந்திருந்தது. கழற்றிப் பொருத்தும் மேகசின் உள்ள அரைத் தானியங்கி ரைஃபிளில், தனிக் கைப்பிடி, மடக்கும் பின்கட்டை, துப்பாக்கிமுனைக் கத்தி பொருத்தும் இடம், தீச்சுடர் மறைப்பான் போன்ற அம்சங்களில் இரண்டு இருந்தால்தான் அது தடைக்கு உரியது. கத்தி பொருத்தும் இடத்தையும் சுடர் மறைப்பானையும் நீக்கிவிட்டு ஆலைகள் ஏறத்தாழ அதே துப்பாக்கியைத் தொடர்ந்து விற்றன. சுடுவதில் ஒரு வேறுபாடும் இல்லாத மாற்றுப் பொருள் கடையில் இருக்கும்போது, பழையதற்கு அரும்பொருள் விலை எப்படி நிலைக்கும்? 2004 செப்டம்பர் 13 அன்று சட்டம் காலாவதியானது. அதற்குப் பிறகுதான் ஏஆர்-15 அமெரிக்காவின் மிகப் பரவலான ரைஃபிளாக வளர்ந்தது.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு 1986. அந்த ஆண்டு மே 19 அன்று ரீகன் கையெழுத்திட்ட சட்டம், மொத்தத்தில் துப்பாக்கி உரிமையாளர்களுக்குச் சாதகமானது. ஆனால் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்ட ஒரு திருத்தம், அன்றைய தேதிக்குப் பிறகு பதிவாகும் முழுத் தானியங்கித் துப்பாக்கிகளை (விசையை அழுத்தியிருக்கும்வரை தொடர்ந்து சுடுபவை) பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது என்றது. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவை ஒவ்வொன்றும் அரசுப் பதிவேட்டில் இருந்தன. 200 டாலர் வரி செலுத்தி, அனுமதி பெற்று, ஒருவர் மற்றவருக்கு விற்கலாம். பதிவேடு மூடப்பட்டதால் நாடு முழுவதற்குமாகக் கைமாற்றத் தக்கவை சுமார் 1.75 லட்சம் மட்டுமே. புதிதாக ஒன்றுகூடச் சேராது, உடைந்தால் குறையும். மாற்றுப் பொருளும் இல்லை. சில நூறு டாலருக்கு விற்ற, பார்க்கத் தகரப் பெட்டி போலிருக்கும் மேக்-10 இன்று பல ஆயிரம் டாலர். பதிவுபெற்ற எம்-16 ஒன்று 30,000 டாலரைத் தாண்டுகிறது. படைக்கு அதே வகைத் துப்பாக்கியைப் புதிதாகச் செய்து கொடுக்க ஆகும் செலவு அதில் ஒரு சிறு பங்குதான். மீதி முழுவதும் ஒரு தேதிக்குக் கொடுக்கும் விலை. தடை பேச்சளவில் இருக்கும்போது விலையை ஏற்றுவது அச்சம்; தடை வந்த பிறகு ஏறிய விலை நிலைப்பதோ இறங்குவதோ, கதவு உண்மையிலேயே மூடியதா என்பதையும் மாற்று உண்டா என்பதையும் பொறுத்தது. 2013-இல் வாங்கியவர்கள் 1986-ஐ மனத்தில் வைத்து வாங்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது 1994-ஐக் காட்டிலும் மோசமான முடிவு. தடை வரவே இல்லை.

அச்சத்துக்கு முன்வரைவுகூடத் தேவையில்லை, ஆள் மாறினாலே போதும் என்பதை 2008 காட்டியிருந்தது. ஒபாமா வென்ற அந்த நவம்பரில் பின்னணிச் சரிபார்ப்புகள் 15.3 லட்சம்; முந்தைய ஆண்டு நவம்பரில் அவை 10.8 லட்சமாக இருந்தன. அவருடைய முதல் பதவிக் காலத்தில் துப்பாக்கியைக் கட்டுப்படுத்தும் பெரிய சட்டம் எதுவும் வரவில்லை. தேசியப் பூங்காக்களுக்குள் துப்பாக்கி எடுத்துச் செல்ல வழிவிடும் பிரிவு அடங்கிய சட்டத்தில்தான் 2009-இல் அவர் கையெழுத்திட்டார். புலி வருகிறது, புலி வருகிறது என்ற கூச்சல் எட்டு ஆண்டுகள் ஓயவில்லை. அந்தக் கூச்சலால் கதையில் வருவதுபோல் ஊரார் சலித்துப் போகவும் இல்லை. 2015 பிப்ரவரியில், ‘பச்சை முனை’ என்று அழைக்கப்படும் எம்855 ரைஃபிள் தோட்டாவுக்கு, கவசம் துளைக்கும் தோட்டாக்களுக்கான தடையிலிருந்து இருந்த விலக்கை நீக்கலாம் என்று துப்பாக்கிக் கட்டுப்பாட்டு முகமையான ஏடிஎஃப் ஒரு யோசனையை வெளியிட்டது. 80,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்து, மார்ச் 10 அன்று அது கைவிடப்படுவதற்குள், அதுவரை எளிதாகக் கிடைத்துவந்த அந்தத் தோட்டா கடைகளிலிருந்து மறைந்துவிட்டது.

இப்படிப்பட்ட கிராக்கியின் மேல் தொழிலைக் கட்டி எழுப்பினால், அச்சம் அகலும் நாள்தான் பேரிடர் நாள். 2016 தேர்தலில் ஹிலாரி கிளிண்டன் வெல்வார் என்று எதிர்பார்த்து ஆலைகளும் கடைகளும் சரக்கை நிரப்பி வைத்திருந்தன. அந்த ஆண்டு அமெரிக்காவில் செய்யப்பட்டவை 1 கோடியே 15 லட்சம் துப்பாக்கிகள். துப்பாக்கி உரிமையாளர்களின் ஆதரவு பெற்ற டிரம்ப் வென்றார். மறுநாளே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ரூகர் ஆகிய நிறுவனங்களின் பங்குகள் சுமார் 15 சதவீதம் சரிந்தன. எந்தத் தொழிலிலும் தனக்கு வேண்டிய ஆட்சி வந்தால் பங்கு ஏறும், இங்கே இறங்கியது. 2017 ஏப்ரலில் முடிந்த நிதியாண்டில் 90.3 கோடி டாலராக இருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் தாய் நிறுவனத்தின் விற்பனை, அடுத்த ஆண்டு 60.7 கோடியாக விழுந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இரட்டிப்பு விலை கொடுத்தாலும் கிடைக்காத ஏஆர்-15, 500 டாலருக்கும் கீழே வந்தது. 1816-இல் தொடங்கிய ரெமிங்டன் 2018 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. பொதுமக்களுக்கு ஏஆர்-15 செய்வதையே நிறுத்திவைப்பதாகக் கோல்ட் நிறுவனம் 2019 செப்டம்பரில் அறிவித்தபோது சொன்ன காரணம், சந்தையில் உற்பத்தித் திறன் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்பது.

இந்தச் சரிவின் விளைவு அடுத்த ஏற்றத்தில் தெரிந்தது. 2020-இல் கொரோனா, தெருப் போராட்டங்கள், தேர்தல் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அந்த ஆண்டுச் சரிபார்ப்புகள் 3.97 கோடி, முந்தைய எல்லா ஆண்டுகளையும் விஞ்சிய எண்ணிக்கை. அதில் தடை பற்றிய அச்சம் ஒரு பகுதிதான். தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிவரும் என்ற அச்சமே பெரும் பகுதி. ஆனால் தோட்டாச் சந்தைக்கு எந்த அச்சம் என்பது முக்கியமில்லை. சரியாக அந்தக் கோடையில் ரெமிங்டன் இரண்டாம் முறையாகத் திவாலாகியிருந்தது. ஆர்கன்சாவின் லோனோக்கில் இருந்த அதன் பெரிய தோட்டா ஆலையை விஸ்டா அவுட்டோர் நிறுவனம் 8.14 கோடி டாலருக்கு வாங்கி மறுபடி முழு வேகத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. 20 சென்ட் அளவில் இருந்த ஒரு 9 மி.மீ. தோட்டா 60, 70 சென்ட்டுக்கு ஏறியது. அச்சமற்ற ஆண்டுகளில் மூடிக் கிடந்த திறனுக்கு அச்சமுள்ள ஆண்டில் வாங்குபவர்கள் விலை கொடுத்தார்கள்.

மாநிலங்களின் அனுபவம், அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையிலான நாள்களே விற்பனைக் காலம் என்பதைக் கண்ணாடிபோல் காட்டுகிறது. கொலராடோவில் 15-க்கு மேல் கொள்ளும் மேகசின்களைத் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் 2013 மார்ச்சில் கையெழுத்திட்டார். நடைமுறைக்கு வந்தது ஜூலை 1 அன்று. அங்கேயே மேகசின் செய்துவந்த மேக்புல் நிறுவனம் அந்த இடைவெளியில் கொலராடோ வாசிகளுக்கு முன்னுரிமை கொடுத்து விற்றுவிட்டு, பிறகு மாநிலத்தை விட்டே வெளியேறியது. மாசசூசெட்ஸில் 2016 ஜூலை 20 அன்று தலைமை வழக்கறிஞர் விதியைக் கடுமையாக்கி அறிவித்த அந்த ஒரே நாளில் 2,000-க்கும் மேற்பட்ட ரைஃபிள்கள் விற்றன. கலிஃபோர்னியாவில் எதிர்த் திசையில் நடந்தது: 2019 மார்ச் 29 அன்று ஒரு நீதிபதி மேகசின் தடையைச் செல்லாது என்றார், ஏப்ரல் 5 மாலை ஐந்து மணியோடு அந்தத் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது, அந்த ஒரு வாரத்தில் லட்சக்கணக்கான மேகசின்கள் மாநிலத்துக்குள் வந்து சேர்ந்தன. காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டார்கள். இதையெல்லாம் பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டதாலோ என்னவோ, வாஷிங்டன் மாநிலம் 2023 ஏப்ரல் 25 அன்று தன் ரைஃபிள் தடையில் ஆளுநர் கையெழுத்திட்ட உடனேயே நடைமுறைக்கு வரும்படி அதை எழுதியிருந்தது.

இடைவெளியை மிகச் சுருக்கிய நாடு நியூசிலாந்து. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 உயிர்களைப் பறித்த தாக்குதலுக்கு ஆறு நாள் கழித்து, பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் தடையை அறிவித்தார். நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறும் வரை காத்திருந்தால் கடைகளில் வாங்கிக் குவிப்பார்கள் என்று தெரிந்தே, அறிவித்த அன்று பிற்பகல் மூன்று மணி முதல் அந்த வகைத் துப்பாக்கிகளின் வகைப்பாட்டை அரசாணையின் மூலம் மாற்றிவிட்டார்கள். சிறப்பு அனுமதி இல்லாமல் இனி எவரும் வாங்க முடியாது. சட்டம் ஏப்ரல் 10 அன்றுதான் 119க்கு 1 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அதைவிட முக்கியமானது, ‘வைத்திருப்பவர் வைத்துக்கொள்ளலாம்’ என்ற விலக்கு பொதுவாக அங்கே இல்லை; அரசு விலைப்பட்டியல் போட்டு, புதிதுபோல் இருப்பதற்கு அடிப்படை விலையில் 95 சதவீதம் வரை கொடுத்து, 50,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றது. நாளை பட்டியல் விலைக்கு அரசிடம் ஒப்படைக்க வேண்டிய பொருளை இன்று கூடுதல் விலைக்கு வாங்க எவருக்கும் காரணம் இருக்காது. ஆஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்டதும் இதே அடிப்படையில்தான்.

கனடா நடுவழியில் நின்றது. கைத்துப்பாக்கி விற்பனையை முடக்கப்போவதாக 2022 மே 30 அன்று அரசு அறிவித்தது. இறக்குமதித் தடை ஆகஸ்ட் 19 அன்றும், முடக்கம் அக்டோபர் 21 அன்றும் வந்தன. நடுவிலிருந்த ஐந்து மாதங்களில் கடைகள் துடைத்து எடுக்கப்பட்டன. வாங்கியவர்கள் வைத்துக்கொள்ளலாம்; அந்த அளவில் அது அமெரிக்க விலக்கைப் போன்றதே. ஆனால், விலக்கு பெற்ற சிலருக்கும் நிறுவனங்களுக்கும் தவிர வேறெவருக்கும் அதை விற்கவோ, கொடுக்கவோ, உயில் எழுதி வைக்கவோ முடியாது. வரிசையில் நின்று வாங்கிய கைத்துப்பாக்கி உரிமையாளர் இருக்கும்வரை அவருடையது; அவர் மறைந்த பின் அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும், அல்லது ஏற்றுமதி செய்ய வேண்டும், அல்லது காவல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். அதே துப்பாக்கி வகைக்கு எல்லைக்குத் தெற்கே நல்ல விலை உண்டு. வடக்கே கேட்பதற்கு ஆளில்லை. 1986-க்கு முந்தைய எம்-16 வைத்திருக்கும் அமெரிக்கர் ஒருவர் அதை விற்று மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம். ஆனால் அந்தத் தடையை எடுத்துவிட்டால் அதே ரைஃபிள் மறுநாள் காலையில் ஓராயிரம் இரண்டாயிரம் டாலர் பொருளாகிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும்.